மண்ணில்லாத முதல் முப்பது நாள்: தேங்காய்த் தூள், பெர்லைட், கம்பம் பள்ளத்தாக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கோம். எண்கள் அப்படியே இருக்கு.)

கொஞ்ச நாளா நம்ம இன்பாக்ஸ்ல ஒரே மாதிரி கேள்வி வந்துட்டே இருக்கு. "ப்ரோ, பெங்களூர்ல வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தேனிப் பக்கம். அப்பாவோட நிலம் ரெண்டு ஏக்கர் இருக்கு. ஹைட்ரோபோனிக்ஸ் போட்டா வேலையை விட்டுட்டு வந்துடலாமா?" ஊர்ப் பேர் மட்டும் மாறும். ஒருத்தருக்குச் சின்னமனூர், இன்னொருத்தருக்கு உத்தமபாளையம், இன்னொருத்தருக்குக் கூடலூர்.

பதிலை முதல்லயே சொல்லிடுறேன், அப்புறம் காரணத்துக்குப் போவோம். மண்ணில்லா வளர்ப்பு கம்பம் பள்ளத்தாக்குக்கு ஏற்கனவே வந்தாச்சு. ஆனா யூடியூப்ல பார்க்கிற வெள்ளைக் குழாய், பச்சைக் கீரை ரூபத்துல அது வரல. ஒரு செடியோட முதல் முப்பது நாளுக்கு மட்டும்தான் வந்திருக்கு. அந்த முப்பது நாள் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சா, உங்க மாடியில என்ன பண்ணலாம், அப்பா நிலத்துல எதுக்குப் பணம் போடலாம், எதுக்குப் போடக் கூடாதுன்னு நீங்களே முடிவு பண்ணலாம்.

இவ்வளவு மண் இருக்கும்போது இது எதுக்கு?

ஊர் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். தேனி மாவட்டம் 1996-ல மதுரையில இருந்து பிரிஞ்சது. அதுல மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலைக்கும் நடுவுல நீளமா கிடக்கிறதுதான் கம்பம் பள்ளத்தாக்கு. 1895-ல பென்னிகுவிக் கட்டி முடிச்ச முல்லைப்பெரியாறு அணைத் தண்ணி லோயர்கேம்ப் வழியா இங்கேதான் இறங்குது. அந்தத் தண்ணியில 14,707 ஏக்கர் இருபோக நெல். அது போக திராட்சை, வாழை, தென்னை, காய்கறி. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அதனால "மண் இல்லை, தண்ணி இல்லை, அதான் ஹைட்ரோபோனிக்ஸ்"ங்கிற பாலைவன நாட்டுக் காரணம் இங்கே செல்லாது. இங்கே காரணம் வேற. விதை விலை ஏறிடுச்சு. ஒட்டுரக விதையை எண்ணி எண்ணித்தான் வாங்குறாங்க. பாத்தியில தூவி, முளைச்ச வரைக்கும் லாபம்னு விட முடியாது. ஒவ்வொரு விதையும் செடியாகணும்.

மண் இல்லைன்னா செடி எதைச் சாப்பிடும்?

சுருக்கமாப் பார்த்துடுவோம். மண் செடிக்கு நாலு வேலை பார்க்குது. நிக்க இடம், தண்ணி, காத்து, சத்து. வேருக்கும் ஆக்சிஜன் வேணும், அதனால காத்து இந்தப் பட்டியல்ல கட்டாயம் உண்டு. இந்த நாலையும் வேற வழியில கொடுத்துட்டா மண் தேவையில்லை.

1930-களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துல வில்லியம் கெரிக்கிங்கிறவர் தொட்டியில சத்துக் கரைசல் வச்சு தக்காளிச் செடியை ஆள் உயரத்துக்கு மேல வளர்த்துக் காட்டினார். 'ஹைட்ரோபோனிக்ஸ்'ங்கிற பேரை 1937-ல பிரபலப்படுத்தினவரும் அவர்தான். நம்ம நாட்டுக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு. 1940-களில் ஷோல்ட்டோ டக்ளஸ்ங்கிறவர் வங்காளத்துல, கலிம்போங் பக்கம் இதை எளிமையாக்கினார். பம்பு, கண்ணாடித் தொட்டி எதுவும் வேண்டாம். கல்லும் மணலும் கலந்த படுக்கை, அதுல அளவா உரம், மேல தண்ணி. 'வங்காள முறை'ன்னு 1951-ல புத்தகமே வந்தது.

அதனால ஹைட்ரோபோனிக்ஸ்ல ரெண்டு குடும்பம்னு வச்சுக்கங்க. ஒண்ணு, வேர் நேரா தண்ணியில இருக்கிறது. வெள்ளைக் குழாய்ல மெல்லிசா கரைசல் ஓடுற என்.எஃப்.டி. முறை இந்த வகை. இன்னொண்ணு, வேர் ஏதோ ஒரு ஊடகத்துல இருக்கிறது. ஊடகம் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும், சத்தை நாம கரைசலாக் கொடுப்போம். தேங்காய்த் தூள், பெர்லைட் கலவை இந்த ரெண்டாவது குடும்பம்.

நம்ம ஊர் வெயிலுக்கு எது தோதுன்னு பார்க்க ஒரு எண் போதும். 20 டிகிரி தண்ணியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில அது ஏழரைக்கு இறங்கிடும். அதே நேரம் வேருக்கு ஆக்சிஜன் தேவை ஏறும். சித்திரை வெயில்ல குழாய்ல ஓடுற கரைசல் சூடாயிட்டா வேர் மூச்சு முட்டும். கரண்ட் போய் பம்பு நின்னா, மெல்லிசா ஓடுற தண்ணி வடிஞ்சு சில மணி நேரத்துல செடி தலை தொங்கிடும். ஊடகத்துல இருக்கிற செடிக்கு அந்த அவசரம் இல்லை. தூளே ஒரு தண்ணித் தொட்டி.

தேங்காய் மட்டையில இருந்து வர்ற தூள்

தேங்காய் மட்டையை நார் மில்லுல அடிச்சா ரெண்டு பொருள் வரும். ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு நார், மீதி தூள். நாரை நாரோட ஒட்டி வச்சிருந்த தக்கை மாதிரியான பொருள்தான் இந்தத் தூள். வேளாண் துறையில 'தென்னை நார்க்கழிவு'ன்னு சொல்வாங்க. கடையில கேக்கிற பேர் 'கோகோபீட்'. ரொம்ப காலம் அது நிஜமாவே கழிவுதான். மில்லுக்குப் பின்னாடி மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும். அதுல சுமார் 30 சதவீதம் லிக்னின். லேசுல மக்காது, அதனால யாருக்கும் வேண்டாம்.

அந்த மக்காத குணம்தான் அப்புறம் அதோட விலையை ஏத்துச்சு. ஐரோப்பாவுல தோட்டக்காரங்க பீட்னு ஒரு பொருளைப் பயன்படுத்துவாங்க. சதுப்பு நிலத்துல பாசி பாதி மக்கி, ஆயிரக்கணக்கான வருஷமா படிஞ்சது. வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் வளரும். தோண்டி எடுத்தா திரும்ப வராது. அதுக்கு மாற்றா மெதுவா மக்குற, தண்ணி பிடிக்கிற, வருஷா வருஷம் கிடைக்கிற ஒரு பொருள் தேவைப்பட்டுச்சு. பேர்லயே 'பீட்' ஒட்டிக்கிட்டது அதனாலதான். 2020–21-ல இந்தியாவோட கயிறு, நார்ப் பொருள் ஏற்றுமதி சுமார் 3,779 கோடி ரூபாய். அதுல பாதி இந்தத் தூள். நாரை விட, பாயை விட, தூள்தான் அதிகம் சம்பாதிச்சுக் கொடுக்குது.

தூள்ல ஒளிஞ்சிருக்கிற உப்பு

ரொம்பப் பேர் வழுக்குற இடம் இதுதான். கோகோபீட்ல சத்து கிடையாது, அது வெறும் பஞ்சுன்னு நினைச்சுப்பாங்க. பாதிதான் சரி.

தென்னை மரம் பொட்டாசியத்தையும் குளோரைடையும் விரும்பி எடுக்கிற மரம். அதெல்லாம் மட்டையில தங்கியிருக்கும். கூடவே சோடியமும். கடலோர மட்டைன்னா இன்னும் அதிகம். இது ரெண்டு விதமா உட்கார்ந்திருக்கு. ஒரு பகுதி தண்ணியில கரைஞ்ச உப்பு. கழுவினா போயிடும். இன்னொரு பகுதி தூளோட மேற்பரப்புல ஒட்டிக்கிட்டிருக்கு. தூளோட மேற்பரப்புக்கு எதிர்மின்னூட்டம், பொட்டாசியம், சோடியம் அயனிகளுக்கு நேர்மின்னூட்டம். அதனால வெறும் தண்ணி ஊத்தினா இது முழுசா போகாது.

நம்ம பாஷையில சொன்னா, பஸ்ல எல்லா சீட்டுலயும் ஏற்கனவே ஆள் உட்கார்ந்திருக்கு. நீங்க கால்சியம் கலந்த கரைசலை ஊத்துறீங்க. கால்சியத்துக்கு ரெட்டை மின்னூட்டம், பிடி வலுவா இருக்கும். அது பொட்டாசியத்தையும் சோடியத்தையும் எழுப்பி விட்டுட்டு உட்கார்ந்துக்கும். செடிக்குப் போக வேண்டிய கால்சியம் தூள்ல மாட்டிக்கிச்சு. எழுந்திரிச்ச சோடியம் வேர்கிட்ட வந்துடுச்சு. மூணு வாரம் கழிச்சுத் தக்காளியோட அடிப்பக்கம் கறுத்து அழுகும். லெட்யூஸ் இலையோட ஓரம் கருகும். நோய்னு நினைச்சு மருந்து அடிப்பாங்க. அது நோயே இல்லை, கால்சியம் போய்ச் சேரல.

மாற்று வழி சுலபம். நடுறதுக்கு முன்னாடியே கால்சியத்தைக் கொடுத்து எல்லா சீட்டையும் நிரப்பிடணும். இதுக்குப் பேர்தான் பஃபரிங். கால்சியம் நைட்ரேட் கரைசல்ல தூளை ஒரு ராத்திரி ஊற வச்சு, வடிச்சு, ஒரு முறை நல்ல தண்ணியில அலசுறது. அவ்வளவுதான். கடையில வாங்கும்போது 'கழுவினது', 'பஃபர் பண்ணினது' ரெண்டும் வேற வேறன்னு ஞாபகம் வச்சுக்கங்க. 'குறைந்த ஈ.சி.'ன்னு போட்டிருந்தா கழுவியாச்சுன்னு மட்டும்தான் அர்த்தம்.

ஈ.சி.ன்னா மின்கடத்துத்திறன். தண்ணியில உப்பு எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு இது காட்டும். பேனா அளவுக்கு ஒரு மீட்டர் கிடைக்கும். ஹைட்ரோபோனிக்ஸ் பண்ற எண்ணம் இருந்தா விதைக்கு முன்னாடி அதை வாங்குங்க.

இங்கே இன்னொரு கேள்வியும் கேட்டாகணும். கழுவின உப்பு எங்கே போச்சு? பொள்ளாச்சி வட்டாரத்துல தூளைக் கழுவின தண்ணி நிலத்துல இறங்கி, கிணத்துத் தண்ணி நிறம் மாறுது, உப்பு ஏறுதுன்னு விவசாயிகள் பல வருஷமா புகார் சொல்லியிருக்காங்க. 2021-ல தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார்த் தொழிலை மாசில்லாத 'வெள்ளை' வகையில இருந்து 'ஆரஞ்சு' வகைக்கு மாத்தினதுக்குப் பின்னணி இதுதான். நம்ம மாடியில கீரை சுத்தமா வளருதுன்னா, அந்தச் சுத்தத்தோட செலவை எங்கேயோ ஒரு கிணறு ஏத்துக்கிட்டிருக்கலாம். வாங்கும்போது, கழுவின தண்ணியை என்ன பண்றாங்கன்னு கேக்கிறது தப்பே இல்லை.

பெர்லைட்: பொரிஞ்ச எரிமலைக் கண்ணாடி

வெள்ளையா, தெர்மாகோல் உருண்டை மாதிரி இருக்குமே, அதுதான் பெர்லைட். பார்க்கத்தான் பிளாஸ்டிக், உண்மையில அது கல். எரிமலைக் குழம்பு ஆறி உண்டான கண்ணாடி. அதுக்குள்ள 2 முதல் 5 சதவீதம் தண்ணி சிக்கியிருக்கும். 850, 900 டிகிரிக்குச் சூடாக்கினா கண்ணாடி இளகும், உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகும், கல்லு பொரியும். நம்ம பொரிகடலைக் கடையில அரிசி பொரியிற அதே கதை. இருந்த அளவை விடப் பல மடங்கு உப்பிடும். கிரீஸ், துருக்கி, சீனா, அமெரிக்காவுல இது பெருசா வெட்டி எடுக்கப்படுது. ஆக, தூள் பக்கத்து ஊர் மில்லுல இருந்தும் பெர்லைட் கடல் தாண்டியும் வருது. விலையிலயும் அது தெரியும்.

அப்போ எதுக்கு அது? காத்துக்காக. தூள் தண்ணியை நல்லாப் பிடிக்கும், சில நேரம் ரொம்ப நல்லாவே பிடிக்கும். நாளாக நாளாக நுணுக்குத் தூள் கீழ இறங்கி அடைச்சுக்கும். பெர்லைட் நடுவுல நடுவுல நின்னு பெரிய இடைவெளியை உண்டாக்கும். அந்தப் பெரிய இடைவெளியில இருந்து தண்ணி வடிஞ்சு காத்து நுழையும்.

எவ்வளவு கலக்கணும்? இதுக்கு வீட்டுல ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைத் தண்ணியில முக்கி, படுக்க வச்சுத் தூக்குங்க. சொட்டுறது நிக்கிற வரைக்கும் காத்திருங்க. இப்போ அதே ஸ்பாஞ்சை நெட்டுக்குத்தா நிமிர்த்துங்க. திரும்பவும் தண்ணி கொட்டும்! ஸ்பாஞ்சு அதேதான், ஓட்டையும் அதேதான். உயரம் மட்டும்தான் மாறிச்சு.

எந்த ஊடகத்துலயும் அடியில ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணி வடியாம நிக்கும். அந்த உயரம் தொட்டியோட ஆழத்தைப் பொறுத்தது இல்லை, ஊடகத்துல இருக்கிற துளையோட அளவைப் பொறுத்தது. பேச்சுக்கு 3 சென்டிமீட்டர்னு வைங்க. 30 சென்டிமீட்டர் ஆழப் பையில பத்துல ஒரு பங்குதான் சொதசொதன்னு இருக்கும். நாலரை சென்டிமீட்டர் ஆழக் குழித்தட்டுல மூணுல ரெண்டு பங்கு சொதசொதன்னு ஆயிடும். அதனால ஆழம் குறையக் குறையப் பெர்லைட் தேவை கூடும். மாடியில பெரிய பைக்கு மூட்டை மூட்டையா பெர்லைட் வாங்குறவங்க அங்கே கொஞ்சம் குறைச்சுக்கலாம். நாற்றுத் தட்டுல கஞ்சத்தனம் பண்ணக் கூடாது.

பள்ளத்தாக்குல நடக்கிற ஹைட்ரோபோனிக்ஸ்

இப்போ அந்த முப்பது நாளுக்கு வருவோம். காய்கறி நாற்றங்கால்ல கறுப்பு பிளாஸ்டிக் தட்டு அடுக்கி வச்சிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. அதுதான் குழித்தட்டு. வழக்கமா ஒரு தட்டுல 98 குழி. ஒரு தட்டுக்குச் சுமார் 1.2 கிலோ தூள். குழிக்கு ஒரு விதை. தண்ணி தெளிச்சு, தட்டுகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, பாலித்தீன் தாள் போட்டு மூடி வைப்பாங்க. முளை விட்டதும் பிரிச்சு நிழல்வலைக்குடில்ல பரப்புவாங்க. தக்காளி 25 நாள்ல, மிளகாய் 35, 40 நாள்ல நடவுக்குத் தயார். பக்கத்து மாவட்டத்துல, திண்டுக்கல் ரெட்டியார்சத்திரத்துல, இந்திய–இஸ்ரேல் கூட்டுத் திட்டத்துல அமைஞ்ச காய்கறி மகத்துவ மையத்துலயும் பசுமைக்குடிலுக்குள்ள குழித்தட்டுல நாற்று வளர்த்துத்தான் விவசாயிகளுக்குக் கொடுக்கிறாங்க. இந்த மாதிரி பாதுகாக்கப்பட்ட சாகுபடியில பரவலாச் சொல்ற கலவை: தூள் 3, பெர்லைட் 1, வெர்மிகுலைட் 1.

இதுல என்ன லாபம்? மண்ணுல இருக்கிற நாற்றழுகல் பூஞ்சை பெருமளவு தவிர்க்கப்படுது. பிடுங்கும்போது வேர் அறாது. தூளோட சேர்ந்து ஒரு கட்டியா வெளிய வரும், அப்படியே குழியில வைக்கலாம். நட்ட மறுநாள் வாடுறது இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தக்காளியை 60-க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில நட்டா ஏக்கருக்கு ஏறக்குறைய 15,000 செடி. 98 குழின்னா 153 தட்டு. ஒரு தட்டு சுமார் 54-க்கு 28 சென்டிமீட்டர். எல்லாத்தையும் பரப்பினா 23 சதுர மீட்டர், அதாவது 250 சதுர அடி. நம்ம ஃபிளாட்டோட ஹால் அளவு. ஒரு ஏக்கர் தக்காளி தன்னோட பலவீனமான முதல் 25 நாளை ஒரு ஹாலுக்குள்ள கழிக்குது. அந்த 250 சதுர அடிக்கு வலை போடலாம், நல்ல தண்ணி கொடுக்கலாம், பெர்லைட்டும் வாங்கலாம். அதே கவனிப்பை ஒரு ஏக்கருக்குக் கொடுக்கணும்னா செலவு எங்கேயோ போயிடும்.

அடுத்தது வாழை. சின்னமனூர், கம்பம் பக்கம் ஜி-9 திசு வளர்ப்பு வாழை நிறையப் பார்க்கலாம். ஆய்வுக்கூடத்துல பாட்டிலுக்குள்ள வளர்ந்த கன்று ஒரு இன்குபேட்டர் குழந்தை மாதிரி. உள்ள ஈரப்பதம் கிட்டத்தட்ட நூறு சதவீதம். அதனால இலையில மெழுகுப் படலம் சரியா உருவாகியிருக்காது, இலைத்துளைக்கு மூடவே பழக்கம் இருக்காது. நேரா வெயில்ல வச்சா சில மணி நேரத்துல காய்ஞ்சிடும். அதைத் தேங்காய்த் தூள் நிரப்பின தட்டுல, ஈரப்பதம் அதிகமான குடில்ல சில வாரம் வைப்பாங்க. அப்புறம் பைக்கு மாத்தி நிழல்வலையில இன்னும் சில வாரம். இதுக்கு வன்மைப்படுத்துதல்னு பேர். ஈரமும் காத்தும் ஒரே நேரத்துல வேணும், கிருமி இருக்கக் கூடாது. அதுக்குத் தூள் மாதிரி தோதான பொருள் கிடைக்கிறது கஷ்டம். 1.8 மீட்டர் இடைவெளியில நட்டா ஏக்கருக்கு 1,200-க்கு மேல கன்று. அத்தனையும் ஒரே வயசு, ஒரே உயரம். தார் வெட்டுறதும் ஒரே சமயத்துல.

இன்னொண்ணு கவனிங்க. வயலுக்குப் போன அப்புறமும் அந்த வாழைக்குச் சொட்டுநீர்க் குழாய் வழியா கரையும் உரம்தான் போகுது. உரப்பாசனம்னு சொல்றது இதைத்தான். ஹைட்ரோபோனிக்ஸ்ல பாதி வித்தை ஏற்கனவே அந்த வயல்ல இருக்கு. மண்ணையும் வச்சுக்கிட்டே.

உங்க மாடிக்கு ஒரு செய்முறை

மாடியில மண் கிடையாது, எடையும் ஏத்தக் கூடாது. அங்கே இந்தக் கலவைக்கு முழு அர்த்தம் இருக்கு.

ஒண்ணு. 5 கிலோ தூள் கட்டி ஒண்ணு வாங்குங்க. தண்ணி ஊத்தினா சுமார் 70 லிட்டராப் பெருகும். வடியுற தண்ணியோட ஈ.சி., நீங்க ஊத்தின தண்ணியை விட 0.5 மில்லி சீமன்ஸுக்கு மேல கூடாத அளவுக்கு ரெண்டு மூணு முறை அலசுங்க. கழுவின தண்ணியைக் கீழ தென்னை மரம் இருந்தா அதுக்கு ஊத்தலாம். உப்பைத் தாங்கும், பொட்டாசியமும் அதுக்குப் பிடிக்கும்.

ரெண்டு. லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கலந்து ஒரு ராத்திரி ஊற வைங்க. வடிச்சு, ஒரு முறை அலசுங்க.

மூணு. பெர்லைட் 30 லிட்டர். பையைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி மாஸ்க் போடுங்க, உள்ள கொஞ்சம் தண்ணி தெளிங்க. அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதில்லை. ரெண்டையும் கலந்தா 100 லிட்டர். 10 லிட்டர் பை பத்து வரும். ரொம்பக் காத்தடிச்சுச் சீக்கிரம் காயுற மாடின்னா 20 லிட்டர் போதும்.

நாலு. சத்துக் கரைசல். உரக்கடையில கிடைக்கிற 19:19:19-ஐ மட்டும் நம்பாதீங்க. அதுல கால்சியம் இல்லை. இருக்கிற நைட்ரஜன்லயும் பாதிக்கு மேல யூரியா. யூரியாவை மாத்திக் கொடுக்க மண்ணுல நுண்ணுயிர் கூட்டம் இருக்கும், புதுத் தூள்ல அந்தக் கூட்டம் கம்மி. ஹைட்ரோபோனிக்ஸுக்குன்னே ஏ, பி-ன்னு ரெண்டு பாட்டில் கிடைக்கும். கெட்டியா இருக்கும்போது ரெண்டையும் ஒண்ணாக் கலக்கவே கூடாது. ஏ-ல இருக்கிற கால்சியம், பி-ல இருக்கிற சல்பேட், பாஸ்பேட்டோட சேர்ந்து சுண்ணாம்பு மாதிரி அடியில படிஞ்சிடும். வாளித் தண்ணியில முதல்ல ஒண்ணைக் கலக்கி, அப்புறம் அடுத்தது. கீரைக்கு ஈ.சி. 1.2 முதல் 1.6, தக்காளி காய்க்கும்போது 2-க்கு மேல. பி.எச். 5.5-க்கும் 6.5-க்கும் நடுவுல.

அஞ்சு. ஊத்தினதுல பத்துல ஒரு பங்கு அடியில வடியணும். வடியவே இல்லைன்னா உப்பு உள்ளயே சேருது. வடியுற தண்ணியோட ஈ.சி. ஏறிட்டே போனா ஒரு நாள் வெறும் தண்ணி விடுங்க. மேல காய்ஞ்சு தெரிஞ்சா உடனே ஊத்தாதீங்க, தூள் மேல காய்ஞ்சு உள்ள ஈரமா இருக்கும். பையைத் தூக்கிப் பாருங்க. ரெண்டு வாரத்துல கையே எடை சொல்லிடும்.

அப்போ அந்த ரெண்டு ஏக்கர்?

வேலையை விடுற கேள்விக்கு வருவோம். முழுப் பண்ணையா போடணும்னா மூணு விஷயத்தைக் காகிதத்துல எழுதுங்க.

முதல்ல காத்து. தமிழ்நாட்டுல காத்தாலை நிறுத்துற கணவாய்கள்ல கம்பமும் ஒண்ணு. ஆடிக் காத்து எப்படி இருக்கும்னு அப்பாகிட்டக் கேளுங்க. பசுமைக்குடில் தாள் அந்தக் காத்தைத் தாங்கணும், கிழிஞ்சா மாத்துற செலவும் கணக்குல வரணும்.

ரெண்டாவது சந்தை. தக்காளிக்குச் சந்தையில யாரும் ஜாதகம் கேக்க மாட்டாங்க. பெர்லைட்டுல விளைஞ்சதும் கரிசல்ல விளைஞ்சதும் ஒரே பெட்டி, ஒரே ஏலம். ஆத்துப் பாசனத்துல, திறந்த வெளியில விளைவிக்கிற பக்கத்து வீட்டுக்காரரோட நீங்க விலையில மோதணும். லெட்யூஸ் மாதிரி தனி விலை கிடைக்கிற பொருள்னா, வாங்குறவங்க சென்னையிலயும் கொச்சியிலயும் இருக்காங்க. குளிர்பதன வண்டி வேணும்.

மூணாவது வாக்குறுதி. செட்டப் விக்கிறவங்களே "விளைஞ்சதையும் நாங்களே எடுத்துக்கிறோம்"னு சொன்னா, ரெண்டு வருஷமா அவங்களுக்குத் தொடர்ந்து விக்கிற ஒரு விவசாயியை நீங்களாத் தேடிப் போய்ப் பாருங்க. அவங்க காட்டுற ஆளை இல்லை. அப்படி ஒருத்தர் கிடைக்கலைன்னா அதுவே பதில்.

இந்த மூணும் பார்த்துட்டு எனக்குத் தோணுறது, அந்த ரெண்டு ஏக்கர் வாழையாவோ திராட்சையாவோ தென்னையாவோ இருக்கட்டும். ஓரத்துல ரெண்டு சென்ட்டுல நிழல்வலை போட்டு நாற்றங்கால் ஆரம்பிக்கலாம். முதலீடு சின்னது, பொருள் 25 நாள்ல கைக்கு வருது, வாங்குறவங்க சுத்தி இருக்கிற விவசாயிகளே. நாற்று விக்கிறதுக்கு விதை உரிமம் வேணும், அதை முதல்லயே வாங்கிடுங்க. பெரியகுளத்துல தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட தோட்டக்கலைக் கல்லூரி இருக்கு. லீவுல ஊருக்குப் போகும்போது ஒரு நாள் அங்கே போய்ப் பேசிட்டு வாங்க. வேலையை விடுறது அதுக்கப்புறம்.

நீங்க அனுப்பின ரெண்டு கேள்வி

"பெர்லைட்டுக்குப் பதிலா உள்ளூர்ப் பொருள் ஏதாவது?" இருக்கு. மட்டையையே சின்னச் சின்னச் சில்லா வெட்டி விக்கிறாங்க. பெரிய பைக்கு அது நல்லாவே வேலை செய்யும், ஆனா அதையும் கழுவி பஃபர் பண்ணணும். கருக்கின உமியும் போடலாம். அது பி.எச்.-ஐ ஏத்தக்கூடியது, அதனால அளந்து பாருங்க. குழித்தட்டுக்கு மட்டும், முடிஞ்ச வரைக்கும் பெர்லைட்டே இருக்கட்டும்.

"ஒரு முறை பயன்படுத்தின கலவையைக் கொட்டிடணுமா?" வேண்டாம். பழைய வேரை எடுத்துட்டு, நல்லா அலசி, திரும்ப பஃபர் பண்ணி அடுத்த செடிக்குப் பயன்படுத்தலாம். நோய் வந்த பையை மட்டும் தனியா ஒதுக்குங்க. தூள் ரொம்ப நுணுங்கிப் போச்சுன்னா தோட்டத்து மண்ணுல கலந்துடுங்க, களிமண் இளகும். பெர்லைட் மக்காது. ஆனா கெடுதலும் பண்ணாது, கல்லுதானே.

இன்னைக்கு ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது அந்த ஸ்பாஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்திப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சொட்டுநீர்க் குழாய்ல அடைப்பு எப்படி வருது, அதை எப்படி எடுக்கிறதுன்னு பேசுவோம். அதுவரைக்கும் டாட்டா.